கடன்பற்று அட்டையின் கட்டணமும் அதன்மேல் வரியும்

வரி என்னும் சொல் தமிழில் பல பொருள் குறிப்பது. கோடும் வரியே, எழுத்தின் ஒழுங்கும் வரியே, அரசு தண்டும் பொருளும் வரியே. இப்பொருள்கள் யாவும் ஒருங்கே அமைந்த ஓரிடம் இக்காலத்தில் உண்டு. அது, வங்கி மாதந்தோறும் அனுப்பும் கடன்பற்று அட்டையின் கணக்கறிக்கையாகும். வாங்கிய பொருள்களின் விலைகளுக்கு நடுவே, ஆண்டில் ஒருமுறை, ஒரு வரியில் ஒரு சிறு தொகை வரி என்று எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலோர் அவ்வரியைப் படிப்பதில்லை. படிப்பவரும் அரசு கேட்பதைக் கொடுக்கத்தானே வேண்டும் என்று அப்பாற் செல்வர்.

அத்தொகை எதன்மேல் விழுந்தது, மலேசியாவில் ஒருவகையாகவும் சிங்கப்பூரில் வேறுவகையாகவும் இந்தியாவில் இன்னொரு வகையாகவும் அஃது ஏன் விழுகிறது என்று ஆராய்ந்தால், வியப்பான செய்தி ஒன்று புலப்படும். வரியின் விழுக்காடு எவ்வளவு என்பதைவிட, வங்கி வாங்கும் பணத்துக்குச் சட்டம் என்ன பெயர் இட்டிருக்கிறது என்பதே அட்டைக்காரரின் சுமையைப் பெரிதும் முடிவு செய்கிறது.

பெயர்களை முதலில் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். அட்டையை வைத்திருப்பதற்காக வங்கி ஆண்டுதோறும் வாங்குவது ஆண்டுக் கட்டணம். கடைக்குக் கொடுத்த பணத்தைக் குறித்த நாளில் முழுதும் திருப்பாதவரிடம், எஞ்சிய தொகைக்கு வாங்குவது வட்டி. குறைந்த அளவுத் தவணையைக்கூட நாளுக்குள் செலுத்தாதவரிடம் வாங்குவது தாமதக் கட்டணம். இஃது பெயரளவில் கட்டணமே எனினும் இயல்பால் தண்டம். அட்டையைக் கொண்டு ரொக்கப் பணம் எடுத்தால் அதற்கொரு கட்டணம். அந்நிய நாட்டு நாணயத்தில் வாங்கினால் அதற்கொரு கட்டணம். இவ்வாறு வரும் பணம் அனைத்தும் வங்கிக்கு ஒரே பெட்டியிற்றான் சேர்கிறது. கொடுப்பவரின் பையிலிருந்தும் ஒரே பையிலிருந்துதான் போகிறது. ஆயினும் வரிச் சட்டத்தின் கண்ணுக்கு இவை ஒன்றல்ல. ஒன்றுக்கு வரி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை.

சிங்கப்பூரின் முறை எளிமையானது. ஆதலின் அதனை முதலிற் காண்போம். அங்குப் பொருள் சேவை வரி 1994 ஏப்ரல் 1-இல் 3 விழுக்காடாகத் தொடங்கியது. 2003-இல் 4, 2004-இல் 5, 2007-இல் 7, 2023-இல் 8, 2024-இல் 9 விழுக்காடு என அது படிப்படியாக ஏறி வந்துள்ளது. அட்டையின் ஆண்டுக் கட்டணம் வங்கி செய்யும் ஒரு சேவையின் விலை என்று கொள்ளப்படுவதால், அதற்கு இவ்வரி உண்டு. சிங்கப்பூர் வங்கிகளின் கட்டணப் பட்டியல்களை நோக்குவார்க்கு 196 வெள்ளி 20 காசு என்னும் தொகை பல இடங்களில் தென்படும். இவ்வளவு சில்லறையோடு ஒரு வங்கி ஏன் கட்டணம் வைத்தது என்று வியக்க வேண்டியதில்லை. வங்கியின் கட்டணம் 180 வெள்ளியே. அதன்மேல் 9 விழுக்காடு 16 வெள்ளி 20 காசு. இதே 180 வெள்ளி, 2022 வரையில் 192 வெள்ளி 60 காசாகவும் 2023-இல் 194 வெள்ளி 40 காசாகவும் நின்றது. வங்கி ஒரு காசும் கூட்டவில்லை. வரி மட்டுமே ஏறியது. வரியையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்பது அந்நாட்டு விதியாதலால், கட்டணம் வேறு வரி வேறு என்று பிரித்தறிவார் சிலரே.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அந்நாட்டில் பல வங்கிகள் முதலாண்டின் கட்டணத்தைத் தாமே விட்டுக் கொடுக்கின்றன. அடுத்த ஆண்டுகளிலும் கேட்பவர்க்கு விட்டுக் கொடுப்பதுண்டு. கட்டணம் இல்லையேல் அதன் விழுக்காடாகிய வரியும் இல்லை. 180-இல் 9 விழுக்காடு 16 வெள்ளி 20 காசு. சுழியில் 9 விழுக்காடு சுழியே. தொலைபேசியில் ஒரு முறை கேட்டுப் பெறும் தள்ளுபடி, வங்கியின் கட்டணத்தோடு அரசின் பங்கையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது.

இனி வட்டியைப் பார்ப்போம். சிங்கப்பூரில் அட்டைக் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேலாக இருப்பது வழக்கம். 27 விழுக்காடு என்றே கொண்டு, 3,000 வெள்ளிக் கடனை ஓராண்டு முழுதும் குறையாமல் ஒருவர் வைத்திருக்கிறார் என்க. வட்டி ஏறத்தாழ 810 வெள்ளியாகும். இதற்குப் பொருள் சேவை வரி ஒரு காசும் இல்லை. நிதிச் சேவைகள் சிலவற்றைச் சட்டத்தின் நான்காம் அட்டவணை விலக்கிவைத்திருக்கிறது. கடன் கொடுத்தலும் அவற்றுள் ஒன்று. விலக்கு இல்லாதிருந்தால், வட்டியின்மேல் மட்டும் 72 வெள்ளி 90 காசு வரி ஏறியிருக்கும். ஆக, கடனே வைக்காமல் ஒழுங்காகச் செலுத்தி, ஆண்டுக் கட்டணத்தையும் கொடுக்கும் ஒருவர் 16 வெள்ளி 20 காசு வரி தருகிறார். கட்டணத் தள்ளுபடி பெற்று, 810 வெள்ளியை வட்டியாகக் கொட்டும் மற்றொருவர் வரியே தருவதில்லை. வட்டியில் நோகின்றவரை வரியும் சேர்ந்து வாட்டவில்லை என்று இதனைக் கருணையாகவும் கொள்ளலாம். ஆனால் சட்டம் அக்கருணையை எண்ணி இயற்றப்பட்டதன்று.

விலக்கு எழுந்த காரணம் வேறு. மதிப்புக் கூட்டு வரியைப் பரவலாகக் கைக்கொண்ட ஐரோப்பிய நாடுகள், 1977-இல் தமக்குள் பொதுவாக ஏற்றுக்கொண்ட ஆறாவது நெறிமுறையில் கடன் வழங்குதலை வரியிலிருந்து விலக்கின. இம்முறையைப் பின்னர்க் கைக்கொண்ட நாடுகள் பலவும் அவ்வழியே சென்றன. வட்டியை வரிக்குள் கொணர்வதில் உள்ள இடர்ப்பாடு உண்மையானது. வங்கி வாங்கும் வட்டி முழுதும் அதன் உழைப்புக்கு விலையன்று. அதில் ஒரு பகுதி, பணத்தைப் போட்டு வைத்தவர்க்கு வங்கி கொடுக்க வேண்டிய வட்டி. ஒரு பகுதி, திருப்பாமற் போகிறவர்களால் வரும் இழப்புக்கு ஈடு. எஞ்சிய பகுதியே வங்கி செய்த பணியின் விலை. வரி விழவேண்டியது இவ்வெஞ்சிய பகுதியின்மேல் மட்டும். ஒவ்வோர் அட்டைக்காரர் கணக்கிலும் அப்பகுதி எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது எவ்வாறு? பாலில் கலந்த நீரை அளந்து நீருக்கு மட்டும் விலை குறைக்கச் சொல்வது போன்றது அது. ஆகவே, தெளிவாகப் பெயரிட்டு வாங்கும் கட்டணத்துக்கு வரி, கலந்து கிடக்கும் வட்டிக்கு விலக்கு என்று கோடு கிழித்தனர்.

மலேசியாவின் வரலாறு இதைவிடச் சுவையானது. அங்கு வரி, கட்டணத்தின்மேல் விழுவதற்கு முன்பு அட்டையின்மேலேயே விழுந்தது.

2009 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தின்படி, 2010 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு முதன்மை அட்டைக்கும் ஆண்டுக்கு 50 ரிங்கிட், ஒவ்வொரு துணை அட்டைக்கும் 25 ரிங்கிட் சேவை வரி விதிக்கப்பட்டது. வங்கி இலவசமாகக் கொடுத்த அட்டையும் இதற்குத் தப்பவில்லை. மக்கள் சிக்கனமாகச் செலவிடப் பழகவேண்டும் என்பதே அரசு கூறிய காரணம். வங்கிகள் சில, வரியைத் தாமே ஏற்றன. சில, வாங்கிய பொருளுக்கு ஈடாகச் சேரும் வெகுமதிப் புள்ளிகளைக் கொண்டு வரியைக் கழித்துக்கொள்ள இடமளித்தன. எனினும் பயன்படுத்தாத அட்டைகளை மக்கள் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினர். 2009 இறுதியில் 1 கோடிக்கு மேல் இருந்த அட்டைகளின் எண்ணிக்கை, ஓராண்டில் 90 இலட்சத்துக்குக் கீழே இறங்கியது.

அட்டை குறைந்தது, கடன் குறைந்ததா என்பது வேறு வினா. மூன்று அட்டை வைத்திருந்தவர் இரண்டை வெட்டி எறிந்து, மூன்றாவதில் முன்போலவே வாங்கலாம். சிக்கனத்தைக் கருதின், பேங்க் நெகாரா 2011-இல் அறிவித்த விதிகளே குறிக்கு நேரானவை எனல் பொருந்தும். ஆண்டு வருமானம் 24,000 ரிங்கிட்டுக்குக் குறைந்தவர்க்கு அட்டை இல்லை. 36,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர் இரண்டு நிறுவனங்களுக்கு மேல் அட்டை வாங்க இயலாது. ஒவ்வொன்றிலும் கடன் வரம்பு அவருடைய இரண்டு மாத வருமானத்தைத் தாண்டக்கூடாது. இவ்விதிகள் கடனைக் கட்டுவன. 50 ரிங்கிட் வரியோ அட்டையை எண்ணுவது.

2015 ஏப்ரல் 1-இல் மலேசியாவிலும் பொருள் சேவை வரி 6 விழுக்காடாக வந்தது. அட்டையின்மேல் இருந்த 50 ரிங்கிட் வரி நீங்கியது. ஆண்டுக் கட்டணத்தின்மேல் 6 விழுக்காடு ஏறியது. இலவச அட்டைக்காரர் மூச்சுவிட்டனர். ஆனால் இந்நிலை நெடிது நிற்கவில்லை. ஆட்சி மாறிய 2018-இல் ஜூன் 1 முதல் பொருள் சேவை வரி சுழி விழுக்காடாயிற்று. செப்டம்பர் 1-இல் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. திரும்பி வந்த சேவை வரி, அட்டையைப் பொறுத்தமட்டில் பழைய பாதையிலேயே நடந்தது. முதன்மை, துணை என்ற வேறுபாடின்றி அட்டை ஒன்றுக்கு ஆண்டுக்கு 25 ரிங்கிட். அட்டை வழங்கும்போது ஒருமுறை, அதன்பின் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒருமுறை. 2024 மார்ச் 1-இல் பொதுச் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனபோதும், இந்த 25 ரிங்கிட் அசையவில்லை. விழுக்காட்டில் அமையாத வரி விழுக்காடு ஏறினாலும் ஏறாது என்க.

இவ்வரியைத் தண்டும் துறை சுங்கத் துறையாகும். சுங்கம் என்றால் துறைமுகமும் மூட்டை முடிச்சும் நினைவுக்கு வருவது நம் மரபு. முதற் குலோத்துங்கனைச் சுங்கந் தவிர்த்த சோழன் என்று போற்றியதும் வணிகப் பொருள்மேல் இருந்த சுங்கத்தை அவன் நீக்கியமை கருதியே. சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு நெகிழித் தகட்டுக்கும் சுங்கத் துறைக்குப் பணம் போகும் என்று பலர் எண்ணுவதில்லை.

விழுக்காட்டு வரிக்கும் தலைவரி போன்ற இந்நிலை வரிக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் சுமை யார்மேல் விழுகிறது என்பது தெளிவாகும். ஆண்டுக் கட்டணம் இல்லாத எளிய அட்டை ஒன்றையும், 800 ரிங்கிட் ஆண்டுக் கட்டணமுள்ள உயர்தர அட்டை ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். 6 விழுக்காட்டு முறையில் எளிய அட்டைக்கு வரி இல்லை. உயர்தர அட்டைக்கு 48 ரிங்கிட். 25 ரிங்கிட் முறையில் இரண்டுக்கும் 25 ரிங்கிட்டே. எளியவர்க்கு இல்லாத சுமை வந்தது. வசதியுள்ளவர்க்கு இருந்த சுமை ஏறத்தாழப் பாதியாயிற்று. கட்டணம் 416 ரிங்கிட்டுக்குச் சற்று மேற்படும் இடத்தில்தான் இருமுறைகளும் சமமாகும். அதற்குக் கீழே உள்ள எல்லா அட்டைகளுக்கும் நிலை வரியே கூடுதல் சுமை.

குடும்பமாகப் பார்த்தால் இன்னும் விளங்கும். கணவர் பெயரில் ஒரு முதன்மை அட்டை, மனைவிக்கும் மகனுக்கும் இரண்டு துணை அட்டைகள். இதுபோல் இன்னொரு வங்கியிலும் மூன்று. ஆறு அட்டைக்கு ஆண்டுக்கு 150 ரிங்கிட். வங்கி ஆண்டுக் கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்திருக்கும், அவ்விளம்பரம் பொய்யன்று. ஆண்டுக் கட்டணம் வங்கியுடையது, வரி அரசுடையது. வங்கி தன்னுடையதை விட்டுக் கொடுத்தால் அரசுடையது தானே நீங்கிவிடும் என்பது சிங்கப்பூரில் மெய், மலேசியாவில் அன்று.

இச்சிறு வரி பெருஞ்சுமையாகும் வழி ஒன்று உண்டு. அது சற்று விரிவாகக் கூறத்தக்கது. ஆண்டுக்கு 24,000 ரிங்கிட் ஈட்டும் ஒரு தொழிலாளி, பேரங்காடியில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் முகவர் ஒருவரின் சொற்கேட்டு இலவச அட்டை ஒன்று வாங்குகிறார் என்க. இரண்டொரு முறை பயன்படுத்தி, பணத்தை முழுதும் கட்டிவிட்டு, அட்டையை அலமாரியில் வைத்துவிடுகிறார். ஆண்டு நிறைவில் 25 ரிங்கிட் வரி அட்டைக் கணக்கில் ஏறுகிறது. கணக்கறிக்கை மின்னஞ்சலில் வருகிறது. ஒன்றும் வாங்கவில்லையே என்று அவர் அதனைத் திறந்து பார்ப்பதில்லை. வங்கிக்கு அந்த 25 ரிங்கிட் வரி என்றோ கடன் என்றோ வேறுபாடு கிடையாது. செலுத்தப்படாத நிலுவை அது. தாமதக் கட்டணம் நிலுவையில் 1 விழுக்காடு. ஆனால் குறைந்தது 10 ரிங்கிட். மிகுந்தது 100 ரிங்கிட். 25 ரிங்கிட்டில் 1 விழுக்காடு வெறும் 25 காசு. இங்கு ஆள்வதோ குறைந்த அளவாகிய 10 ரிங்கிட். ஆக, முதல் மாதத்திலேயே வரியின்மேல் 40 விழுக்காடு ஏறிவிட்டது. இரண்டாம் மாதம் இன்னொரு 10. ஆறு மாதம் இவ்வாறே சென்றால், 25 ரிங்கிட் வரியின் பின்னால் 60 ரிங்கிட் தாமதக் கட்டணம் அணிவகுத்து நிற்கும். வட்டியோ, ஆண்டுக்கு 18 விழுக்காடு என்று கொண்டாலும், அந்த 25 ரிங்கிட்டுக்கு ஆறு மாதத்தில் 2 ரிங்கிட் 25 காசுதான். மக்கள் அஞ்சுவது வட்டிக்கு. இங்கு அடிப்பதோ தண்டம்.

பணத்தோடு இது நிற்பதில்லை. பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் கடன் பதிவேட்டில், ஒருவர் எத்தனை மாதம் தவணை தவறினார் என்பது மாதவாரியாகக் காட்டப்படும். வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ கேட்டுச் செல்லும்போது வங்கி அதிகாரி பார்ப்பது அப்பதிவேட்டை. தவறியது ஆடம்பரச் செலவா, 25 ரிங்கிட் வரியா என்று அவ்வெண்கள் சொல்வதில்லை. இதே பதிவேட்டு ஒழுங்கின் நல்ல பக்கமும் உண்டு. 12 மாதம் தொடர்ந்து தவறாமல் செலுத்தியவர்க்கு அட்டை வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு, 10 மாதமேனும் செலுத்தியவர்க்கு 17, ஏனையோர்க்கு 18. மறந்துபோன ஒரு சிறு வரி, ஒருவரை 15-இலிருந்து கீழே தள்ளவும் கூடும்.

2025 ஜூலை 1 முதல் மலேசியச் சேவை வரியின் எல்லை விரிந்தது. நிதிச் சேவைகளுக்காக வாங்கும் கட்டணங்களும் தரகும் 8 விழுக்காட்டு வரிக்கு உட்பட்டன. வட்டியும், இசுலாமிய நிதிமுறையில் அதற்கு ஈடாக நிற்கும் இலாபமும் புறத்தே நின்றன. இம்முறை மலேசியாவும் கட்டணத்துக்கும் வட்டிக்கும் நடுவே அதே பழைய கோட்டைக் கிழித்தது. 25 ரிங்கிட் நிலை வரி ஒருபுறம், விழுக்காட்டு வரி மறுபுறம் என இருவகையும் ஒரே சட்டத்தில் அருகருகே அமைந்துவிட்டன.

அக்கோட்டை அட்டையின் பொருட்டு அழித்துவிட்ட நாடு இந்தியா. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பணிபுரிய வந்த இந்தியர் சிலர் தம் ஊர் வங்கியின் அட்டையையும் உடன் வைத்திருப்பதுண்டாதலின், இதனையும் அறிவது பயனுடைத்து. இந்தியாவில் அட்டைச் சேவை 2001-இல் சேவை வரிக்குள் வந்தது. அப்போது விழுக்காடு 5. அது ஏறியும் ஒருமுறை இறங்கியும் மீண்டும் ஏறியும், துணைத் தீர்வைகளோடு 2016-இல் 15 ஆயிற்று. 2017 ஜூலை 1-இல் பொருள் சேவை வரி வந்தபோது 18 ஆயிற்று. கடன்களின் வட்டிக்கு அந்நாட்டிலும் விலக்கு உண்டு. ஆனால் அவ்விலக்கைக் கூறும் அறிவிக்கையிலேயே, கடன்பற்று அட்டைச் சேவையில் அடங்கிய வட்டி நீங்கலாக என்று சில சொற்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அச்சில சொற்களின் விளைவு பெரிது. வீட்டுக் கடன் வட்டிக்கு வரி இல்லை. நகைக் கடன் வட்டிக்கு வரி இல்லை. அட்டைக் கடன் வட்டிக்கு மட்டும் 18 விழுக்காடு வரி. தாமதக் கட்டணத்துக்கும் அதே வரி. அட்டையில் வாங்கிய பொருளின் விலையைத் தவணைகளாகப் பிரித்துக்கொண்டால், அத்தவணைக்குள் இருக்கும் வட்டிக்கும் அதே வரி.

மாதத்துக்கு 3.5 விழுக்காடு வட்டி வாங்கும் வங்கிகள் அங்குண்டு. 10,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு மாத வட்டி 350 ரூபாய். அதன்மேல் வரி 63 ரூபாய். ஆக 413 ரூபாய். மாதம் 3.5 என்பது மெய்யில் 4.13 ஆயிற்று. ஆண்டுக்கு 42 என்பது 49.56 ஆயிற்று. கூட்டு வட்டியைக் கருதாமலே இவ்வளவு. இனி அவர் மாதம் 500 ரூபாய் கட்டுகிறார் என்க. வரி இல்லாதிருந்தால் 350 வட்டிக்குப் போக, 150 ரூபாய் முதலைக் குறைக்கும். வரி உண்டாகவே, 413 போக 87 ரூபாய்தான் முதலைக் குறைக்கிறது. வட்டியின்மேல் 18 விழுக்காடு என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றிய வரி, கடன் கரையும் வேகத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் விழுங்கிவிட்டது. கடன்பட்டவர்க்கு வேண்டியது அந்த 150 அன்றோ!

செலுத்தாத வரியும் கட்டணமும் முதலோடு சேர்ந்து, அவற்றுக்கும் வட்டி ஏறுமாயின் நிலை இன்னும் கொடிதாகும். இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகளில் இதனைத் தடுத்தது. செலுத்தப்படாத கட்டணங்களையும் வரிகளையும் முதலாக்கி வட்டி கணக்கிடலாகாது என்பது அதன் விதி. குறைந்த அளவுத் தவணையைக் கட்டிவரும் ஒருவரின் கடன், கட்டக் கட்டப் பெருகும்படி அமைதலும் கூடாது என்று அந்நெறிமுறை கூறுகிறது. ஒரு நாட்டின் வரித்துறை ஏற்றிய சுமையை அதே நாட்டின் தலைமை வங்கி ஒருபுறம் தாங்கிப் பிடிப்பது போன்ற காட்சி இது.

இனி, வட்டிக்கு வரி இல்லை என்று கூறும் நாடுகளிலும் அக்கூற்று முழு உண்மையன்று என்பதைக் கூறியாக வேண்டும். சிங்கப்பூரில் ஓர் அரிசி வணிகர், தாம் வாங்கும் பொருளுக்கும் கடை வாடகைக்கும் கொடுத்த பொருள் சேவை வரியை, தாம் விற்பனையில் தண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்வார். மதிப்புக் கூட்டு வரியின் உயிர்நிலை இக்கழிவே. விலக்குப் பெற்ற சேவையைச் செய்பவர்க்கோ, அச்சேவைக்காகக் கொடுத்த வரியைக் கழிக்கும் உரிமை இல்லை. வங்கி கணினி வாங்குகிறது, கட்டடத்துக்கு வாடகை கொடுக்கிறது, அட்டையை அச்சிடுகிறது, எல்லாவற்றுக்கும் வரி கொடுக்கிறது. அதில் ஒரு பகுதியைத்தான் அது திரும்பப் பெற முடியும். எஞ்சியது வங்கியின் செலவாகி, வட்டியிலும் கட்டணத்திலும் கரைந்து அட்டைக்காரரிடமே வந்து சேர்கிறது. கணக்கறிக்கையில் இதற்கு வரி கிடையாது. அஃதாவது, இதனைக் காட்டும் எழுத்து வரி கிடையாது. மலேசியாவின் சேவை வரியில் இக்கழிவு முறையே பொதுவாக இல்லை. வங்கி பிறரிடம் வாங்கும் சேவைகளுக்குக் கொடுத்த வரி அதன் செலவிலேயே தங்கி, வாடிக்கையாளர் செலுத்தும் கட்டணத்துக்குள் புகுந்து, அக்கட்டணத்தின்மேல் மீண்டும் 8 விழுக்காடு ஏறுவதும் உண்டு. வரியின்மேல் வரி என்று பழையோர் நொந்துகொள்வது இதனையே. கண்ணுக்குத் தெரியும் 25 ரிங்கிட்டைப் பற்றி மக்கள் பேசுவர். கண்ணுக்குத் தெரியாத இதனைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

ஆசிரியர்கள் வகுப்பில் விழுக்காட்டுக் கணக்கு நடத்தும்போது, விலைக் குறைப்பும் இலாப நட்டமுமே பெரும்பாலும் எடுத்துக்காட்டாக வரும். ஒரு கணக்கறிக்கையைப் பெயரும் எண்ணும் மறைத்துக் கரும்பலகையில் எழுதினால், நிலைத்தொகை வரிக்கும் விழுக்காட்டு வரிக்கும் வேறுபாடு என்ன, இரண்டும் சமமாகும் புள்ளி எங்கே என்று மாணவரே கண்டுபிடிக்கலாம். உயர்நிலை வகுப்பினர் 3.5 எப்படி 4.13 ஆயிற்று என்பதையும் செய்து பார்க்கலாம். கட்டணம், வட்டி, தண்டம், வரி என்னும் நான்கு சொற்களின் பொருள் வேறுபாட்டை அறிய, அகராதியினும் அவ்வறிக்கை உதவும்.

அட்டை வைத்திருப்பவர் அறியவேண்டியது இன்னும் ஒன்றிரண்டே. சிங்கப்பூரில் கட்டணம் தள்ளுபடி ஆயிற்றா என்று பார்க்கும்போது, வரியும் சேர்ந்து நீங்கியதா என்று அடுத்த மாதக் கணக்கறிக்கையில் நோக்குதல் வேண்டும். மலேசியாவில் வரி ஏறும் மாதம், அட்டை வழங்கப்பட்ட மாதத்தை ஒட்டியது. ஆகவே ஒருவர் பல அட்டைகளை வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு மாதம் அமையக்கூடும். சில வங்கிகளில் வெகுமதிப் புள்ளிகளைக் கொடுத்து அந்த 25 ரிங்கிட்டைத் தீர்த்துக்கொள்ளலாம். அதனைக் கேட்டுப் பெறவேண்டும், தானாக நடவாது. வேண்டாத அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் எறிபவர் பலர். தகடு போயிற்றே தவிர, வங்கியின் ஏட்டில் அட்டை உயிரோடிருக்கிறது. ஆண்டு திரும்பியதும் அதன் பெயரில் வரி வரும். வங்கிக்கு அறிவித்து, நிலுவையைத் தீர்த்து, கணக்கு மூடப்பட்டது என்று எழுத்தில் பெற்ற பின்னரே அது நிற்கும். முதன்மை அட்டையை மூடினால் அதனைச் சார்ந்த துணை அட்டைகளும் மூடப்படும். துணை அட்டையை மட்டும் மூடவேண்டின், அதனைத் தனியே குறிப்பிட்டுக் கேட்டல் வேண்டும்.